250 போதுமா, 300 வேண்டுமா?

கேள்வி (வாசகர், திருப்பாதிரிப்புலியூர்): என்னிடம் கேனான் க்ராப் சென்சார் (முழு ஃபிரேமைவிடச் சிறிய சென்சார்) கேமராவும் 55-250 மி.மீ. எஸ்.டி.எம். லென்ஸும் இருக்கின்றன. காலையில் தேவனாம்பட்டினத்தில் கரை திரும்பும் படகுகளையும், விடுமுறை நாள்களில் ஊசுட்டேரியில் பறவைகளையும் எடுக்கிறேன். 70-300 ஐ.எஸ். 2 யு.எஸ்.எம். லென்ஸுக்கு மாறினால் பறவைகள் பெரிதாகத் தெரியுமா? புதுச்சேரியில் ஒருவர் தாம் பயன்படுத்திய லென்ஸை விற்கிறார். அதை எப்படிச் சோதித்து வாங்குவது?

பதில்: பெரிதாகத் தெரியும், ஆனால் நீங்கள் எதிர்பார்க்கும் அளவுக்கு இல்லை. ஏரியில் 50 மீட்டர் தொலைவில் 60 செ.மீ. நீளமுள்ள ஒரு சின்ன வெள்ளைக் கொக்கு நிற்பதாக வைத்துக்கொள்வோம். 24 மெகாபிக்சல் கேமராவில் 250 மி.மீ.க்கு அந்தக் கொக்கின் நீளத்தில் ஏறத்தாழ 810 பிக்சல்கள் விழும், 300 மி.மீ.க்கு 970 விழும். இந்த ஐந்தில் ஒரு பங்கு கூடுதலை, ஏரிக்கரையில் கொக்கு கலையாதபடி எட்டு மீட்டர் முன்னே நகர்ந்தாலே செலவில்லாமல் பெற்றுவிடலாம். வெளிச்சத்திலும் ஆதாயமில்லை, முழுதாக ஜூம் செய்த நிலையில் இரண்டு லென்ஸ்களின் திறப்பும் எஃப்/5.6தான், அதாவது ஒரே அளவு வெளிச்சத்தைத்தான் உள்ளே விடும்.

பிறகு எதற்காகத்தான் அதை வாங்குவது என்று கேட்டால், ஃபோகஸுக்காக என்பேன். 2016இல் வெளிவந்த இந்த லென்ஸில் உள்ள நானோ யு.எஸ்.எம். மோட்டார், நீர்ப்பரப்பிலிருந்து எழும்பும் நீர்க்காகத்தைப் பற்றிக்கொள்ளும் வேகம் எஸ்.டி.எம். மோட்டாருக்கு வராது. எனவே, உங்கள் கணினியில் உள்ள பறவைப் படங்களில் வீணானவற்றைத் திறந்து பாருங்கள். பறக்கும் பறவை மங்கிப் பின்னால் உள்ள கருவேல மரம் தெளிவாக விழுந்திருந்தால் மாறுவதில் பொருளுண்டு. ஷட்டர் வேகம் போதாமல் இறக்கை இழுபட்டிருந்தால் எந்த லென்ஸ் வாங்கினாலும் அப்படித்தான் இருக்கும், ஏனெனில் நடுக்கக் குறைப்பு (ஐ.எஸ்.) என்பது நம் கையின் ஆட்டத்தைத்தான் அடக்குமே தவிரப் பறவையின் சிறகை அடக்காது. காலை ஒன்பது மணிக்கு மேல் ஏரியின் அக்கரையை எடுத்த படங்கள் தண்ணீருக்குள்ளிருந்து பார்த்தது போல் நெளிந்திருந்தால், குற்றம் வெயிலில் சூடேறிய காற்றின்மேல், லென்ஸின்மேல் அன்று.

எடையையும் யோசியுங்கள். இப்போதுள்ளது 375 கிராம். 70-300 லென்ஸ் 710 கிராம். காலை வேளையில் கரை திரும்பும் படகுகளுக்குப் பின்னால்தான் நமக்குச் சூரியன் நிற்கும் என்பதால் லென்ஸ் ஹூட் (லென்ஸின் முன்விளிம்பில் மாட்டும் வெயில் மறைப்பு) இல்லாமல் அந்தப் படங்களில் கருமை வெளுத்துப்போகும். அந்த ஹூட் பெட்டியில் வராது, தனியாகத்தான் வாங்க வேண்டும்.

சோதனைக்கு வருவோம். விற்பவர் வீட்டுச் சுவரில் ஒரு நாளிதழின் வரி விளம்பரப் பக்கங்களை இரட்டையாக விரித்து ஒட்டச் சொல்லுங்கள். சுமார் 30 அடி தள்ளி முக்காலியில் (டிரைபாட்) கேமராவை நிறுத்தி, நடுக்கக் குறைப்பை அணைத்து, 300 மி.மீ.யில் எஃப்/5.6க்கு ஒன்றும் எஃப்/8க்கு ஒன்றுமாக எடுத்தால் பக்கம் சட்டகத்தை ஏறக்குறைய நிரப்பும். படத்தைப் பெரிதாக்கி நான்கு மூலைகளிலும் உள்ள எழுத்துகளைப் படியுங்கள். நான்கும் ஒரே அளவில் சற்று மென்மையாக இருந்து எஃப்/8இல் கூர்மையடைந்தால், இந்த விலை லென்ஸுக்கு அது இயல்பு. மூன்று மூலைகளைப் படிக்க முடிந்து ஒரு மூலை மட்டும் கலங்கியிருந்தால், எப்போதோ கீழே விழுந்த லென்ஸாக இருக்கலாம். விலையைக் குறைத்தாலும் வாங்காதீர்கள்.

அடுத்து, ஜூம் வளையத்தைக் காதருகே வைத்து மெதுவாகத் திருப்புங்கள். கடற்கரையில் உழைத்த லென்ஸ் என்றால் மணல் நெருடும் ஓசை கேட்கும். கடைசியாக, லென்ஸைக் கழற்றிப் பின்புறமிருந்து கைபேசி டார்ச்சை அடித்து முன்புறம் சாய்வாகப் பாருங்கள். நான்கைந்து தூசுகளைப் பொருட்படுத்த வேண்டாம். விளிம்பிலிருந்து சிலந்தி நூல்போலக் கிளைத்துப் படர்ந்திருந்தால் அது பூஞ்சை. இந்த ஒரு சோதனையைச் செய்யச் சோம்பி நான் ஒருமுறை வாங்கிய லென்ஸ், இன்று என் மேசையில் காகிதம் பறக்காமல் இருக்கப் பயன்படுகிறது.

கேள்வி (வாசகர், கூடப்பாக்கம்): 70-300 லென்ஸுடன் எக்ஸ்டெண்டர் (கேமராவுக்கும் லென்ஸுக்கும் இடையில் மாட்டி உருவத்தைப் பெரிதாக்கும் துணைக்கருவி) பொருத்தலாமா?

பதில்: இந்த லென்ஸில் கேனான் எக்ஸ்டெண்டர் பொருந்தாது. வேறு நிறுவனத்தின் 1.4 மடங்கு எக்ஸ்டெண்டரைப் பொருத்தினாலும் எஃப்/5.6 என்பது எஃப்/8 ஆகிவிடுவதால், தொடக்கநிலை டி.எஸ்.எல்.ஆர். கேமராக்களில் தானியங்கி ஃபோகஸ் திணறும்.

கேள்வி (வாசகி, முத்தியால்பேட்டை): வீடு கடலுக்கு அருகில் இருக்கிறது. லென்ஸைப் பீரோவில் துணிகளோடு வைக்கலாமா?

பதில்: வேண்டாம். துணி ஈரம் வாங்கும், பூஞ்சைக்கு இருட்டும் பிடிக்கும். ரப்பர் விளிம்புள்ள பிளாஸ்டிக் டப்பாவில் ஈரம் உறிஞ்சும் சிலிக்கா ஜெல்லோடு வையுங்கள். ஜெல்லின் நிறம் மாறியதும் சூடாக்கி உலர்த்தி மீண்டும் போடுங்கள். ஏ.சி. அறையிலிருந்து நேராகக் கடற்கரைக்குக் கொண்டு போகிறீர்கள் என்றால், குளிர்ந்த கண்ணாடியில் ஈரம் படியாதிருக்கப் பையின் ஜிப்பைத் திறக்காமல் அரைமணி நேரம் விட்டுவைத்து, லென்ஸின் குளிர்ச்சி அடங்கிய பிறகு வெளியே எடுங்கள்.