ஜெம்பே குழுவில் வாசிக்கும்போது மட்டும் தாளம் ஏன் விலகுகிறது?

தனியே பழகும்போது சரியாக வரும் தாளம் குழுவில் கலைந்துவிடுகிறது என்று கேட்டிருக்கிறீர்கள். மேற்கு ஆப்பிரிக்கக் கைமுரசான ஜெம்பேயை வாசிக்க வாரம் ஒருமுறை கூடும் குழுவொன்றில் நான்காம் ஆண்டாக வாசிக்கிறேன். முதல் ஆண்டு முழுவதும் எனக்கும் இதே சிக்கல் இருந்தது.

கையைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. தோலின் நடுவே உள்ளங்கை விழும் பேஸ், விளிம்பருகே விரல்களைச் சேர்த்து அடிக்கும் டோன், விரல்களைத் தளரவிட்டு நுனி சுண்டும்படி அடிக்கும் ஸ்லாப் ஆகிய மூன்றும் பழகப் பழகப் பிடிபடும்.

என் குறை காதில் இருந்தது. கினி நாட்டு மலிங்கே மக்களின் வாசிப்பில் ஜெம்பேயுடன் கென்கெனி, சங்பான், துனுன்பா என்னும் மூன்று துனுன் முரசுகள் சேர்கின்றன. ஒரு கை மாட்டுத்தோலைக் கோலால் அடிக்க, மறு கை முரசின்மேல் கட்டிய இரும்பு மணியைத் தட்டும். இரண்டு ஸ்லாப்பும் இரண்டு டோனும் கொண்ட ஒரே துணைச் சொற்கட்டு (தலைமை வாசிப்புக்குத் துணையாகத் திரும்பத் திரும்ப வரும் அடிவரிசை) பல தாளங்களுக்குப் பொதுவாக வருவதால், வயல் வேலையின்போது வாசிக்கப்படும் காஸா என்னும் தாளத்தை இன்னதென்று அடையாளம் காட்டுவது பெரும்பாலும் நடுமுரசான சங்பான்தான். நானோ என் கையை மட்டுமே எண்ணிக்கொண்டிருந்தேன். தலைமை ஜெம்பே தனி வாசிப்பைத் தொடங்கியதும் அதன் பின்னால் இழுபட்டுக் காலப்பிரமாணத்தை, அதாவது வேகத்தை, கூட்டிவிடுவேன்.

எங்கள் ஆசிரியர் இரண்டு மாதங்கள் என்னைச் சங்பானில் நிறுத்தினார். அதைத் தண்டனை என்றே எண்ணினேன். ஆனால் ஜெம்பேக்குத் திரும்பியபோது, என் ஸ்லாப் சங்பானின் எந்த இரு அடிகளுக்கு இடையில் விழுகிறது என்பது எண்ணாமலேயே கேட்டது. நீங்களும் கேட்டு வாங்கிச் சங்பான் வாசியுங்கள். தாளம் தவறினால் துரத்திப் பிடிக்க முயலாமல் கையைத் தூக்கிவிட்டு, மணியைக் கேட்டு, அடுத்த சுற்றில் நுழையுங்கள்.

மிருதங்கம் பயின்றவராயின் (நானும் அவ்வாறே) இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். சோலி போன்ற தாளத்தைத் திஸ்ர நடையாக, அதாவது மும்மூன்றாக, எண்ணுவது தொடக்கத்தில் உதவும். ஆனால் இம்மரபில், குறிப்பாக மாலியில், ஓர் அட்சரத்தின் (தாள எண்ணிக்கை ஒன்றின்) உட்பிரிவுகள் எப்போதும் சம அளவில் விழுவதில்லை. அளந்து சமமாக வைத்த என் வாசிப்பு விறைத்துக் கேட்டது. கினியின் தேசிய நடனக் குழுவில் முதன்மை ஜெம்பே வாசித்த ஃபமூடு கொனாத்தேயின் ஒலிப்பதிவுகளை ஓடவிட்டு, அவற்றுக்கு அடங்கிய ஒலியில் துணைச் சொற்கட்டை மட்டும் நெடுநேரம் வாசித்துத்தான் அந்த விறைப்பைக் குறைத்துவருகிறேன்.