வாசகர் கேள்வி–பதில்: தோய்ச்சல் தவறிய கத்தியை மீட்க முடியுமா?

கேள்வி: லாரியின் கமான் (ஸ்பிரிங்) பட்டையில் சமையல் கத்தி செய்து, சிவக்கக் காய்ச்சி எண்ணெயில் முக்கினேன். அரம் போட்டால் இன்னும் பிடிக்கிறது, அதாவது தோய்ச்சலில் இரும்பு கடினமாகவில்லை. மறுபடி காய்ச்சி முக்கிவிடலாமா?
– ஒரு வாசகர், கலாசிபாளையம், பெங்களூரு

பதில்: அவசரப்பட்டு உலையில் வைக்காதீர்கள். அரம் பிடித்த அதே இடத்தில் இன்னும் ஐந்தாறு இழுப்பு இழுத்துப் பாருங்கள். உலைச் சூட்டில் மேல்தோலின் கார்பன் எரிந்துபோவதால் அந்த மெல்லிய படலம் மட்டும் மென்மையாக இருக்கும். அதைத் தாண்டியதும் அரம் வழுக்கினால் தோய்ச்சல் சரியாகவே ஏறியிருக்கிறது. அந்தத் தோல் சாணையில் போய்விடும். இதைப் பார்க்காமல் நல்ல கத்தியைத் திரும்பச் சுட்டுக் கெடுக்க வேண்டாம்.

உள்ளேயும் பிடித்தால், பெரும்பாலும் சூடு போதவில்லை. இரும்பு காந்தத்தை விடுவது (காந்தம் ஒட்டாமல் போவது) 770 டிகிரி வாக்கில்; கமான் பட்டைக்கு 830 முதல் 850 வரை வேண்டும். ஆகவே காந்தம் விட்ட பிறகு நிறம் இன்னும் ஒரு படி ஏற வேண்டும். வெயிலில் நின்று பார்த்தால் நிறம் ஏமாற்றும், நிழலில் பாருங்கள். அடுத்த காரணம் எண்ணெய். பெங்களூரின் மார்கழிக் காலையில் எண்ணெய் கெட்டியாக இருக்கும், சூட்டை வேகமாக இழுக்காது. 50–60 டிகிரிக்குச் சூடாக்குங்கள். ஒரு கத்திக்கு நான்கைந்து லிட்டராவது வேண்டும். பழைய இன்ஜின் ஆயிலின் புகை நச்சு. சமையல் எண்ணெயே மேல்.

மறுபடி முக்குவதற்கு முன் இரும்பின் மணியை, அதாவது உள்ளே இருக்கும் நுண்ணிய படிகங்களை, சீராக்க வேண்டும். திரும்பத் திரும்பக் காய்ச்சினால் மணி பெருத்து, கத்தி கண்ணாடி போல உடையும். காந்தம் விட்டு ஒரு படி ஏறும் வரை காய்ச்சி, காற்றில் தொங்கவிட்டு, கை பொறுக்கும் வரை ஆறவிடுங்கள். இப்படி மூன்று முறை, ஒவ்வொரு முறையும் சூட்டைச் சற்றுக் குறைத்து. பிறகு முழுச் சூடு ஏற்றி, தாமதிக்காமல் எண்ணெயில் இறக்குங்கள். உள்ளே மேலும் கீழும் ஆட்டலாம். பக்கவாட்டில் ஆட்டினால் வளையும்.

அரம் வழுக்கியதும் அன்றே டெம்பரிங் (உடையாமல் இருக்க மிதமான சூட்டில் பதப்படுத்துவது) செய்துவிடுங்கள். இரவு முழுக்க வைத்தால் தானாகவே வெடிக்கலாம். ஓடிஜி அடுப்பில் 200 டிகிரி, இரண்டு மணி நேரம், ஆறவிட்டு மறுபடி இரண்டு மணி நேரம். அடுப்பின் திருகு காட்டும் எண்ணை நம்பாமல் தனி வெப்பமானி வையுங்கள்.

இத்தனைக்கும் பிறகு கடினம் ஏறவில்லையா? அதே பட்டையின் துண்டு ஒன்றைக் காய்ச்சி முக்கி, வைஸில் பிடித்து அடியுங்கள். வளைந்தால் அது கத்திக்கான இரும்பே இல்லை. உடைந்த முகம் மங்கிய சாம்பலாக, நைசாக இருந்தால் இரும்பு நல்லது. சர்க்கரை போல மினுங்கினால் சூடு மிஞ்சிவிட்டது. அளந்தே தெரிந்துகொள்ள விரும்பினால், பீன்யாவில் ஹீட் ட்ரீட்மென்ட் பட்டறைகள் இருக்கின்றன. டெம்பரிங்குக்குப் பின் கடினத்தைக் காட்டும் ராக்வெல் சி அளவில் 57–58 வந்தால் திருப்தி.

கேள்வி: எண்ணெயிலிருந்து எடுத்த கத்தி ஒரு பக்கம் வளைந்துவிட்டது. தட்டி நிமிர்த்தலாமா?
– ஒரு வாசகி, கே.ஆர்.புரம்

பதில்: டெம்பரிங் ஆகாத கத்தியைத் தட்டினால் இரண்டாகும். முதலில் 200 டிகிரியில் ஒரு மணி நேரம் வையுங்கள். பிறகு தடித்த இரும்புப் பட்டையின் மேல், வளைவின் மேடு கீழே வரும்படி கத்தியை வைத்து, மேட்டுக்கு நேர் கீழே ஒரு நாணயத்தைத் தள்ளிவிட்டு, நாணயத்துக்கு இரண்டு பக்கமும் சி கிளாம்ப் போடுங்கள். இறுக்கி வளைவை நேராக்கினால் மட்டும் போதாது. நேராவதைத் தாண்டி எதிர்ப்பக்கம் கொஞ்சம் போகட்டும். அப்படியே 200 டிகிரியில் இரண்டு மணி நேரம். கிளாம்போடு ஆறவிட்டுப் பிரியுங்கள். மிச்சம் இருந்தால் நாணயத்தைக் கூட்டி இன்னொரு முறை.

கத்தி தலைகீழாக இருந்தால் வளைவு கூடிவிடும்: குழிந்த பக்கம் மேலே, இரண்டு நுனிகளும் அழுத்தப்பட, நடு நாணயத்தில் நிற்க வேண்டும். இறுக்கும்போது வளைவு குறைகிறதா என்று கண்ணால் பார்த்துவிட்டே அடுப்பில் வையுங்கள்.

வளைவதற்குப் பெரும்பாலும் காரணம், இரு பக்கமும் சமமாகச் சாணை பிடிக்காததும், ஒரு பக்கம் மட்டும் கரியில் கிடந்து காய்ந்ததும்தான்.

கேள்வி: தண்ணீரில் முக்கியபோது ‘டிங்’ என்று சத்தம் கேட்டது. கத்தி தப்புமா?
– ஒரு வாசகர், சிவாஜிநகர்

பதில்: அது விரிசல் விழும் சத்தம். கமான் பட்டைக்குத் தண்ணீர் ஆகாது. மண்ணெண்ணெய் தடவி, நன்றாகத் துடைத்து, சாக்பீஸ் தூள் தூவுங்கள். விரிசல் இருந்தால் அந்தக் கோடு மட்டும் நனைந்து தெரியும். வாயோரத்தில் இரண்டு மூன்று மில்லிமீட்டருக்குள் என்றால் தேய்த்து எடுத்துவிடலாம். அதற்கு மேல் ஓடியிருந்தால் வெல்டிங் வைத்து ஒப்பேற்றாமல் கழித்துவிடுங்கள். வெட்டும்போது தெறித்தால் கண் போகும்.