அலபாமாவின் 18 பட்டங்கள் – கடிதம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

அலபாமா பல்கலைக்கழகத்தில் முதுகலை படிக்கும் என் மகனைப் பார்க்க அண்மையில் டஸ்கலூசா சென்றிருந்தேன். அங்குள்ள பிரையன்ட்-டென்னி விளையாட்டரங்கின் முன் நடைபாதையில், பல்கலைக்கழக அணி அமெரிக்கக் கால்பந்தில் தேசியச் சாம்பியன் ஆன ஆண்டுகளைக் கல்லில் பொறித்து வைத்திருக்கிறார்கள். மொத்தம் 18 பட்டங்கள் என்று மகன் பெருமையோடு சொன்னான். ஆனால் அவனுடைய அறைத்தோழர் மினசோட்டாக்காரர். 1941ஆம் ஆண்டின் பட்டம் எங்களுடையது, அதை எப்படி இவர்கள் எழுதிக்கொண்டார்கள் என்று கேட்டுச் சிரித்தார். தேடிப் பார்த்தால் இரு தரப்புக்கும் ஏதோ ஓர் ஆதாரம் கிடைக்கிறது. சில ஆண்டுகளுக்கு மூன்று நான்கு சாம்பியன்கள்கூட இருக்கிறார்கள். எதற்கும் புள்ளிவிவரம் வைத்திருக்கும் ஒரு நாட்டில் இந்த ஒன்றை மட்டும் ஏன் தீர்க்க முடியவில்லை? இது பொய்க்கணக்கு இல்லையா? இப்போது முன்னணி அணிகள் மோதித் தீர்க்கும் பிளேஆஃப் சுற்று வந்துவிட்டதால் இந்தத் தகராறு முடிந்துவிட்டதா?

அன்புடன்,
ஆர்.

அன்புள்ள ஆர்.,

மினசோட்டாக்காரர் சிரித்ததில் நியாயம் இருக்கிறது. 1941இல் பெர்னி பியர்மன் பயிற்றுவித்த மினசோட்டா அணி ஆடிய 8 ஆட்டங்களிலும் வென்றது. நாடு முழுவதும் உள்ள விளையாட்டுச் செய்தியாளர்கள் வாக்களிக்கும் அசோசியேட்டட் பிரஸ் தரவரிசை அதற்கே முதலிடம் தந்தது. அதே தரவரிசையில் அலபாமாவுக்குக் கிடைத்தது 20ஆம் இடம். மிசிசிப்பி ஸ்டேட்டிடமும் வாண்டர்பில்ட்டிடமும் தோற்றிருந்த அலபாமா, தான் சேர்ந்திருந்த தென்கிழக்கு மாநாடு என்னும் வட்டார அணிக்குழுவுக்குள்ளேயே முதலிடம் பெறவில்லை. புத்தாண்டு நாளில் நடந்த காட்டன் பௌல் என்னும் பருவ இறுதி ஆட்டத்தில் டெக்சஸ் ஏ அண்ட் எம் அணியை 29-21 என வென்றது உண்மை. ஆனால் அந்த ஆட்டம் முழுவதிலும் அலபாமா ஒரே ஒரு முறைதான் வழக்கமான முறையில் 10 கெஜம் முன்னேறி 'ஃபர்ஸ்ட் டவுன்' எடுத்தது. புள்ளிகளில் பெரும்பகுதி எதிரணி பந்தை இழந்ததால் வந்தது. அப்படியிருந்தும் அந்த ஆண்டு கல்லில் இருக்கிறது. டீக் ஹூல்கேட் என்பவர் ஒரு கணக்கீட்டு முறையை வைத்துப் பத்திரிகைகளுக்குத் தரவரிசை அளித்து வந்தார். அவருடைய கணக்கில் அந்த ஆண்டு அலபாமா முதலிடத்தில் வந்திருந்ததே காரணம்.

பொய்க்கணக்கா என்று கேட்கிறீர்கள். பொய் என்று சொல்வதற்கு மெய்யான கணக்கு ஒன்று எங்காவது இருந்தாக வேண்டும்; இங்கே அது இல்லை. கல்லூரி விளையாட்டை நிர்வகிக்கும் என்சிஏஏ சங்கம் கூடைப்பந்திலிருந்து நீச்சல், வாள்வீச்சு வரை போட்டி நடத்திப் பட்டம் வழங்குகிறது. கால்பந்திலும் கீழ்ப்பிரிவுகளுக்கு வழங்குகிறது. முதற்பிரிவின் மேல்தட்டுக் கால்பந்தில் மட்டும் அது ஒருநாளும் சாம்பியனை அறிவித்ததில்லை. நூற்றுக்கும் மேற்பட்ட அணிகள், ஒவ்வொன்றும் பெரும்பாலும் தன் வட்டாரத்துக்குள்ளேயே ஆடும் 10, 12 ஆட்டங்கள், பிறகு ஆண்டிறுதியில் பாசடீனா, நியூ ஆர்லியன்ஸ், மயாமி போன்ற நகரங்களின் உள்ளூர்க் குழுக்கள் நடத்தும் பௌல் ஆட்டங்கள் என்பதுதான் நெடுங்கால அமைப்பு. ரோஸ் பௌலுக்கு இன்ன இரண்டு மாநாடுகளின் வெற்றியாளர்கள்தான் வருவார்கள் என்று ஒப்பந்தம் இருக்கும்போது, நாட்டின் முதல் இரண்டு அணிகள் ஒன்றையொன்று சந்திப்பதற்கு எந்த உறுதியும் இல்லை. ஆட்டக்களத்தில் தீராததை வாக்கெடுப்பு தீர்த்தது. செய்தியாளர்கள் 1936இலும் பயிற்சியாளர்கள் 1950இலும் வாக்களிக்கத் தொடங்கினார்கள். என்சிஏஏ செய்ததெல்லாம், எந்த ஆண்டில் எந்த அமைப்பு யாரைத் தேர்ந்தெடுத்தது என்று தன் பதிவேட்டில் வரிசையாக அச்சிட்டதுதான். அந்தப் பதிவேட்டிலிருந்து தமக்கு வேண்டியதை எடுத்துக்கொள்ளும் வேலையைப் பல்கலைக்கழகங்கள் செய்துகொள்கின்றன.

வாக்கெடுப்புக்கு முந்தைய காலத்துக்குப் போனால் நிலைமை இன்னும் வேடிக்கையானது. இல்லினாய் பல்கலைக்கழகத்தின் பொருளியல் பேராசிரியர் ஃபிராங்க் டிக்கின்சன் 1926இல் ஒரு மதிப்பெண் முறையை வகுத்து, அதன்படி ஆண்டுதோறும் ஒரு கோப்பை வழங்கப்படலாயிற்று. நோட்ர டாம் பயிற்சியாளர் நூட் ராக்னி அவரிடம் பேசி, அந்தக் கணக்கை 1924வரை பின்னோக்கி நீட்டச் செய்தார். 1924இல் முதலிடம் பெற்றது நோட்ர டாம்! பிரின்ஸ்டனின் முன்னாள் ஆட்டக்காரரும் வரலாற்றாளருமான பார்க் டேவிஸ் என்பவரோ, 1933ஆம் ஆண்டின் கையேடு ஒன்றில், 1869 முதலான சாம்பியன்களை மொத்தமாக அறிவித்தார். 1869இல் நடந்தவை இரண்டே ஆட்டங்கள்: முதலாவதில் ரட்கர்ஸ் 6-4 என்றும் இரண்டாவதில் பிரின்ஸ்டன் 8-0 என்றும் வென்றன. கையில் தூக்கிக்கொண்டு ஓடும் இன்றைய ஆட்டத்தோடு அதற்கு உறவு குறைவு. பந்தை உதைத்து ஆடிய ஆட்டம் அது. தலைக்கு ஒரு வெற்றி, ஒரு தோல்வி. இருந்தும் பிரின்ஸ்டன் தன் 28 தேசியப் பட்டங்களில் அந்த ஆண்டையும் சேர்த்தே எண்ணுகிறது.

நான் இதில் ஒரே ஒரு பிரிவினையைத்தான் முக்கியமாகக் கருதுகிறேன். அந்தப் பருவம் முடிந்த கையோடு, ஆட்டங்களைப் பார்த்தவர்கள் இரண்டு கருத்தாகப் பிரிந்து நின்றதால் உண்டான தகராறு ஒரு வகை. பல பத்தாண்டுகள் கழித்து ஓர் அலுவலகத்தில் உட்கார்ந்து பதிவேட்டைப் புரட்டியதால் உண்டான தகராறு இன்னொரு வகை. முன்னது விளையாட்டின் பகுதி. பின்னது, கல்யாணம் முடிந்து 40 ஆண்டு கழித்து மொய் நோட்டை வாங்கித் தன் பெயரை எழுதிக்கொள்வது போன்றது. அலபாமா 1980களின் தொடக்கம்வரை, 'பேர்' (கரடி) என்ற பட்டப்பெயர் கொண்ட பிரையன்ட் பயிற்சியாளராக இருந்து வென்ற 6 பட்டங்களையே கணக்கில் வைத்திருந்தது. அதன் பிறகுதான் பல்கலைக்கழகத்தின் விளையாட்டுச் செய்தி அலுவலர் 1925, 1926, 1930, 1934, 1941 ஆகிய ஐந்தையும் சேர்த்தார். அவற்றில் முதல் நான்கும் தோல்வியே காணாத பருவங்கள், ரோஸ் பௌல் சென்று திரும்பிய அணிகள். அவற்றைப் பற்றி எனக்குப் பெரிய வழக்கு இல்லை. 1941ஐ அந்த அணியில் ஆடியவர்களே எதிர்பார்த்திருப்பார்களா என்பது சந்தேகம்.

இதைவிட விசித்திரம், அலபாமா எழுதிக்கொள்ளாத ஆண்டு. 1966இல் அந்த அணி ஆடிய 11 ஆட்டங்களிலும் வென்றது. அதே ஆண்டு நவம்பர் 19ஆம் தேதி ஈஸ்ட் லான்சிங்கில் முதலிரண்டு இடங்களில் இருந்த நோட்ர டாமும் மிச்சிகன் ஸ்டேட்டும் மோதி 10-10 எனச் சமன் செய்தன. கடைசி நிமிடத்தில் பந்து கையில் இருந்தும், நோட்ர டாம் பயிற்சியாளர் ஆரா பார்சீகியன் துணிந்து எறியச் சொல்லாமல் கடிகாரத்தை ஓடவிட்டார் என்ற பழி இன்றுவரை தீரவில்லை. வாக்கெடுப்பு முடிந்தபோது நோட்ர டாம் முதலிடம், மிச்சிகன் ஸ்டேட் இரண்டாமிடம், ஓர் ஆட்டத்தையும் விட்டுக்கொடுக்காத அலபாமா மூன்றாமிடம். அலபாமாவின் பழைய ரசிகர்கள் இன்றும் மனம் பொறுக்காமல் பேசுவது இந்த ஆண்டைத்தான். அது அவர்களுடைய 18இல் இல்லை. 20ஆம் இடத்தில் இருந்த 1941 இருக்கிறது.

1973ஆம் ஆண்டின் கல்லையும் பார்த்திருப்பீர்கள். அப்போது பயிற்சியாளர்களின் வாக்கெடுப்பை நடத்திய யுபிஐ என்னும் செய்தி நிறுவனம், பௌல் ஆட்டங்களுக்கு முன்பே, டிசம்பரிலேயே இறுதி முடிவை அறிவித்துவிடும். அலபாமாவைச் சாம்பியன் என்று அறிவித்தபின், சுகர் பௌலில் நோட்ர டாம் அலபாமாவை 24-23 என வீழ்த்தியது. செய்தியாளர்கள் அதன் பிறகு வாக்களித்து நோட்ர டாமுக்குப் பட்டம் தந்தார்கள். மறு ஆண்டு முதல் யுபிஐயும் பௌல் ஆட்டங்கள் முடியும்வரை காத்திருக்கலாயிற்று. அலபாமா அந்தப் பட்டத்தை விட்டுக்கொடுக்கவில்லை. அதைப் பிடிவாதம் என்று சொல்லலாமே தவிர இட்டுக்கட்டல் என்று சொல்ல மாட்டேன். அந்த வாரத்திலேயே, உரிய அமைப்பு, பகிரங்கமாகக் கொடுத்தது அது.

நான் நேர்மையான தகராறு என்று சொல்லும் வகைக்கு 1990தான் நல்ல எடுத்துக்காட்டு. அந்த அக்டோபர் 6ஆம் தேதி மிசூரியில் நடந்த ஆட்டத்தில் கொலராடோ 27-31 எனப் பின்தங்கி, எல்லைக்கோட்டுக்கு 3 கெஜம் தொலைவில் இருந்தது. ஓர் அணிக்கு நான்கு முயற்சிகள்தாம். முதல் முயற்சியில் கடிகாரத்தை நிறுத்துவதற்காக ஆட்டக்காரர் பந்தைத் தரையில் அடித்தார். இரண்டாவதில் எரிக் பீனிமி ஓடி, கோட்டருகே வீழ்த்தப்பட்டார். கொலராடோ இடைவேளை கேட்டது. அந்த இடைவேளையில், எத்தனையாவது முயற்சி என்று காட்டும் கம்பத்தில் எண்ணை மாற்ற வேண்டியவர்கள் மாற்றவில்லை. மூன்றாவது முயற்சியில் பீனிமி மீண்டும் தடுக்கப்பட்டார். இன்னொரு முயற்சி மீதமிருக்கிறது என்ற எண்ணத்தில் கொலராடோ நான்காவதிலும் பந்தைத் தரையில் அடித்தது. விதிப்படி அங்கேயே ஆட்டம் மிசூரியின் கைக்குப் போயிருக்க வேண்டும். ஐந்தாவதாக ஒரு முயற்சி ஆடப்பட்டு, நேரம் முடிந்த கணத்தில் சார்லஸ் ஜான்சன் கோட்டைத் தொட்டாரா இல்லையா என்பதே விவாதமாகி, தொட்டார் எனத் தீர்ப்பாகி, 33-31 என முடிந்தது. நடுவர் குழு இடைநீக்கம் செய்யப்பட்டது, முடிவு மாறவில்லை.

பருவ இறுதியில் செய்தியாளர்கள் கொலராடோவுக்கும், பயிற்சியாளர்கள், தோல்வியே காணாத ஜார்ஜியா டெக்குக்கும் பட்டம் தந்தார்கள். பயிற்சியாளர் வாக்கெடுப்பில் வித்தியாசம் ஒரே ஒரு புள்ளி. இதற்குச் சரியாக 50 ஆண்டு முன்பு, 1940இல், கார்னெல் பல்கலைக்கழகம் டார்ட்மத்தை இதேபோல ஐந்தாவது முயற்சியில் 7-3 என வென்றது. படச்சுருளைப் போட்டுப் பார்த்துத் தவறை உணர்ந்ததும், தந்தி அடித்து வெற்றியைத் திருப்பிக் கொடுத்துவிட்டது. இன்றும் அந்த ஆட்டம் டார்ட்மத் 3, கார்னெல் 0 என்றே பதிவாகியிருக்கிறது. கொலராடோவின் பயிற்சியாளர் பில் மெக்கார்ட்னி, மிசூரியிலேயே படித்து ஆடியவர், அவ்வாறு செய்ய மறுத்தார்; மைதானம் வழுக்கியது என்று குறைசொன்னார். கொலராடோவின் பட்டம் எனக்கு உவப்பானது அல்ல. ஆனால் அது அந்தக் குளிர்காலத்திலேயே எல்லோரும் அறிய வாதிடப்பட்டு வழங்கப்பட்டது என்பதால், அதை 1941ஓடு ஒரே தட்டில் வைக்க மாட்டேன்.

பிளேஆஃப் பற்றிய கேள்விக்கு வருகிறேன். முதல் இரண்டு அணிகளை மோதவிட்டுவிட்டால் தகராறு தீரும் என்ற நம்பிக்கையில் 1998இல் பிசிஎஸ் என்னும் ஏற்பாடு வந்தது. வாக்கெடுப்புகளையும் கணினித் தரவரிசைகளையும் சேர்த்து அது கணக்கிட்டது. 2003இல், தன் மாநாட்டின் இறுதி ஆட்டத்தில் கான்சஸ் ஸ்டேட்டிடம் 35-7 எனத் தோற்ற ஓக்லஹோமாவைக் கணக்கு முதலிடத்தில் வைத்தது. இரு வாக்கெடுப்புகளிலும் முதலிடத்தில் இருந்த தெற்குக் கலிஃபோர்னியா வெளியே நின்றது. லூசியானா ஸ்டேட் பல்கலைக்கழகம் (எல்எஸ்யூ) ஓக்லஹோமாவோடு மோதி அந்த இறுதியாட்டத்தை வென்றது. செய்தியாளர்கள் தெற்குக் கலிஃபோர்னியாவுக்கே பட்டம் தந்தார்கள். இறுதியாட்ட வெற்றியாளருக்குத்தான் வாக்களிக்க வேண்டும் என்று கட்டுப்பட்டிருந்த பயிற்சியாளர்களில்கூட மூவர் மீறினார்கள். மறு ஆண்டு தெற்குக் கலிஃபோர்னியா வென்ற பிசிஎஸ் பட்டமோ, அதன் ஆட்டக்காரர் ரெஜி புஷ் தொடர்பான விதிமீறலுக்காக 2011இல் பறிக்கப்பட்டு, யாருக்கும் தரப்படாமல் அந்த இடம் காலியாக விடப்பட்டது. அந்த ஆண்டு 13 ஆட்டங்களையும் வென்று வாய்ப்பே பெறாமல் போன ஆபர்ன், 2025இல் 1910, 1914, 1958 ஆகியவற்றோடு 2004ஐயும் தன் கணக்கில் சேர்த்துக்கொண்டது. இந்த நான்கில் 2004க்கு மட்டும் என் அனுதாபம் உண்டு. மற்ற மூன்றும் பழைய பதிவேட்டு வேலை.

2014இல் வந்த நான்கு அணிப் பிளேஆஃபும் வாயை அடைக்கவில்லை. 2017இல் சென்ட்ரல் ஃபுளோரிடா 13 ஆட்டங்களையும் வென்றது. பீச் பௌலில் அது 34-27 என வீழ்த்திய ஆபர்ன், அதே நவம்பரில் அலபாமாவையும் ஜார்ஜியாவையும் வென்றிருந்தது. அந்த இரண்டும்தான் இறுதியாட்டத்துக்குப் போயின. (ஜார்ஜியா பிறகு மாநாட்டு இறுதியில் ஆபர்னைத் திருப்பி அடித்தது என்பதையும் சொல்ல வேண்டும்.) தேர்வுக்குழு சென்ட்ரல் ஃபுளோரிடாவுக்குத் தந்தது 12ஆம் இடம். பல்கலைக்கழகம் தன்னைத் தானே தேசியச் சாம்பியன் என்று அறிவித்து, பயிற்சியாளர்களுக்குப் போனஸ் கொடுத்து, டிஸ்னி வேர்ல்டில் ஊர்வலமும் நடத்தியது. நாடே கேலி செய்தது. எனக்கு அது பிடித்திருந்தது. வாய்ப்புத் தராத ஓர் அமைப்பின் முகத்துக்கு நேராக, அந்த மாதத்திலேயே எழுப்பிய குரல் அது. ஒரு கணினித் தரவரிசை முதலிடம் தந்ததால் என்சிஏஏ பதிவேட்டிலும் ஒரு வரி கிடைத்தது.

2023இல் 13 ஆட்டங்களையும் வென்ற ஃபுளோரிடா ஸ்டேட்டை, பந்தெறிந்து ஆட்டத்தை நடத்தும் அதன் முதன்மை குவார்ட்டர்பேக் காயமடைந்துவிட்டார் என்பதையும் எண்ணிக் குழு நான்குக்குள் சேர்க்கவில்லை. 2024 முதல் 12 அணிகள். இப்போது சாம்பியன் யார் என்பதில் ஐயம் எழ இடமில்லை. தகராறெல்லாம் கடைசியாக உள்ளே வரும் அணிக்கும் வெளியே நிற்கும் அணிக்கும் நடுவே இறங்கி, டிசம்பரில் குழு பட்டியலை வெளியிடும் ஞாயிற்றுக்கிழமைக்கு மாறிவிட்டது. பழைய ஆண்டுகளுக்கு இதனால் ஒன்றும் ஆகப்போவதில்லை, அவை அவரவர் எண்ணியபடியே இருக்கும். உங்கள் மகன் அறைத்தோழருக்குப் பதில் சொல்ல விரும்பினால், 1941ஐ விட்டுக்கொடுத்துவிட்டு 1966ஐப் பிடித்துக்கொள்ளட்டும். மினசோட்டாவுக்கு அதில் பேச ஒன்றும் இல்லை.

அன்புடன்.