கூகுளில் ஆள் இருக்கிறது என்பவரிடம் மூவாயிரம் கொடுக்காதீர்கள்

கேள்வி: நான் ஓய்வுபெற்ற ஆசிரியர், வயது 67, கடலூர் மஞ்சக்குப்பத்தில் இருக்கிறேன். போன வெள்ளிக்கிழமை பிரிண்டர் வேலை செய்யவில்லை. கம்பெனியின் உதவி எண்ணை இணையத்தில் தேடி, முதலில் வந்த எண்ணுக்குப் போன் செய்தேன். பேசியவர் ஓர் ஆப்பைப் போடச் சொல்லி, என் கம்ப்யூட்டரைத் தன் இடத்திலிருந்தே இயக்கினார். சிவப்புக் குறிகளைக் காட்டி, வைரஸ் நிறைய இருக்கிறது, 8,500 ரூபாய் ஆகும் என்றார். ஏடிஎம் கார்டு எண்ணை அடித்துக்கொண்டிருந்தபோது சந்தேகம் வந்து போனை வைத்துவிட்டேன். மறுநாளிலிருந்து ஜிமெயில் திறக்கவில்லை. கடவுச்சொல் மாற்றப்பட்டுவிட்டது என்று வருகிறது. வருமான வரிக் கணக்கு, ஷார்ஜாவில் இருக்கும் மகன் அனுப்பிய ஆவணங்கள் எல்லாம் அதில்தான். மொபைல் கடைக்காரர் ஒருவர், "கூகுள்ல ஆள் இருக்கு சார், மூவாயிரம் குடுங்க, ரெண்டு நாள்ல திறந்துடலாம்" என்கிறார். இன்னொருவர் ஃபார்மட் அடிக்கச் சொல்கிறார். வங்கிக் கணக்கு புதுச்சேரி லாஸ்பேட்டையில், மகள் வீட்டுக்குப் பக்கத்துக் கிளையில் இருக்கிறது. என்ன செய்வது?

பதில்: ஐயா, மூவாயிரத்தைக் கொடுக்காதீர்கள். ஃபார்மட்டும் இப்போதைக்கு வேண்டாம். அவசரமானதை உங்களுக்கு அன்றே சுருக்கமாக எழுதி அனுப்பிவிட்டேன். இதே கதையோடு மாதத்துக்கு நாலு பேராவது வருவதால் இங்கே விரிவாகச் சொல்கிறேன்.

முதலில் ஒரு கேள்வி. போனை வைத்தீர்கள், சரி. கம்ப்யூட்டரை எப்போது அணைத்தீர்கள்? பெரும்பாலோர் கோட்டை விடுவது இந்த இடத்தில்தான். போனில் பேசியது ஒரு வழி, அந்த ஆப் இன்னொரு வழி. நீங்கள் போனை வைத்துவிட்டுக் காபி குடிக்கப் போயிருந்தால், அவன் அந்த நேரம் முழுக்க உங்கள் மேஜையில் உட்கார்ந்திருந்தது போலத்தான். பிரவுசரில் சேமித்து வைத்த கடவுச்சொற்களையும் பார்த்திருக்கலாம். அதனால் அந்தக் கம்ப்யூட்டரில் இணைய இணைப்பைத் துண்டியுங்கள். எனிடெஸ்க், டீம்வியூவர், குவிக்சப்போர்ட் என்று எந்தப் பெயரில் இருந்தாலும் அந்த ஆப்பை நீக்குங்கள். சில பேர் ஒன்றுக்கு இரண்டாகப் போட்டுவிட்டுப் போவார்கள். வெள்ளிக்கிழமைத் தேதியில் புதிதாக ஏறியிருக்கும் எல்லாவற்றையும் பாருங்கள். இந்த ஆப்கள் திருட்டு ஆப்கள் அல்ல, அலுவலகங்களில் தினமும் பயன்படுபவைதான். வாசல் கதவைத் திறந்துவிட்டது நாம். ரிசர்வ் வங்கி 2019 பிப்ரவரியிலேயே எனிடெஸ்க் பெயரைச் சொல்லி வங்கிகளை எச்சரித்தது. ஆனால் அந்த எச்சரிக்கை வங்கிக்குள்ளேயே சுற்றிக்கொண்டிருந்தால் மஞ்சக்குப்பத்துக்கு எப்போது வந்து சேர்வது?

அந்தச் சிவப்புக் குறிகளைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன், மனசு ஆறும். அவன் திறந்து காட்டியது விண்டோஸிலேயே இருக்கும் 'ஈவென்ட் வியூவர்' என்ற பதிவேடு. உள்ளே எங்கேயாவது ஒரு புரோகிராம் ஒரு நொடி தாமதமாகத் தொடங்கினால்கூட அதில் மஞ்சள் முக்கோணமோ சிவப்பு வட்டமோ விழும். போன வாரம் கடையில் ஒரு புது லேப்டாப்பைப் பெட்டியிலிருந்து பிரித்து, அரை மணி நேரம் ஓடவிட்டுத் திறந்து பார்த்தேன். சிவப்பும் மஞ்சளுமாக ஒரு பக்கம் நிறைந்திருந்தது. அதற்கும் வைரஸுக்கும் சம்பந்தமே இல்லை. திரை முழுக்கச் சிவப்பாகி, சைரன் ஊதி, 'இந்த எண்ணுக்குப் போன் செய்யவும்' என்று வருவதும் இதே ஜாதிதான். மைக்ரோசாஃப்டின் உண்மையான எச்சரிக்கை எதிலும் தொலைபேசி எண் இருக்காது. எண் இருந்தால் அது பொய், அவ்வளவுதான். பட்டனை அழுத்திப் பிடித்து மெஷினை அணைத்துவிடுங்கள்.

இப்போது பணம். "ஒன்றும் போகவில்லையே" என்று இருந்துவிடாதீர்கள். கார்டு எண்ணை அடித்துக்கொண்டிருந்தேன் என்கிறீர்கள். அவன் அதைப் பார்த்துக்கொண்டிருந்தான். கார்டின் பின்பக்கம் அச்சிட்டிருக்கும் எண்ணுக்கு மட்டும் போன் செய்து கார்டை முடக்குங்கள். வங்கியின் எண்ணை இணையத்தில் தேடாதீர்கள், ஏற்கெனவே தேடிப் பட்டதே போதும். நெட் பேங்கிங் கடவுச்சொல்லைப் போனிலிருந்து மாற்றுங்கள், அந்தக் கம்ப்யூட்டரிலிருந்து வேண்டாம். வங்கியில் சொல்லும்போது புகார் எண்ணையும் நேரத்தையும் கேட்டு நோட்டில் எழுதிக்கொள்ளுங்கள். 2017 ஜூலையில் வந்த ரிசர்வ் வங்கிச் சுற்றறிக்கைப்படி, நம் கவனக்குறைவால் போன பணத்துக்கு, வங்கிக்குச் சொல்லும்வரை நாம்தான் பொறுப்பு. சொன்ன பிறகு போனால் வங்கி பொறுப்பு. அந்தச் சுற்றறிக்கையில் மூன்று வேலை நாள், ஏழு வேலை நாள் என்று இன்னும் கணக்குகள் உண்டு, அவை உங்களுக்கு இப்போது வேண்டாம். எத்தனை மணிக்குச் சொன்னீர்கள் என்பதற்குச் சாட்சி இருக்க வேண்டும். கவுன்டரில் இருப்பவர், "நேரில் வந்து லெட்டர் எழுதிக் குடுங்க சார்" என்பார். லெட்டரை அப்புறம் கொடுக்கலாம். முதலில் போன்.

இனி ஜிமெயில். இங்கே ஒரு கடிகாரம் ஓடுகிறது. திருடன் கணக்கில் இருந்த உங்கள் போன் எண்ணை மாற்றியிருந்தாலும், பழைய எண்ணுக்கே சரிபார்ப்புக் குறியீட்டை அனுப்பும் வாய்ப்பைக் கூகுள் ஏழு நாள் வரை தரலாம். அதனால் இன்றைக்கே உட்காருங்கள். முகவரிப் பட்டையில் 'ஜி டாட் கோ ஸ்லாஷ் ரிகவர்' என்பதை ஆங்கிலத்தில் நீங்களே அடியுங்கள். கூகுளில் தேடிப் போகாதீர்கள். வீட்டு வைஃபையிலேயே செய்யுங்கள். எப்போதும் ஜிமெயில் பார்க்கும் அதே போன், அதே பிரவுசராக இருக்கட்டும். பழைய கடவுச்சொல் கேட்டால், ஞாபகத்தில் இருக்கும் கடைசிச் சொல்லைக் கொடுங்கள், துல்லியமாக இல்லாவிட்டாலும் பரவாயில்லை. எந்தக் கேள்வியையும் தாண்டிப் போகாதீர்கள். ஃபார்மட் வேண்டாம் என்றது இதனால்தான். கூகுள் உங்களை அடையாளம் காண்பது, 'இந்த மனிதர் இந்த இடத்திலிருந்து, இந்த மெஷினில்தான் வழக்கமாக வருவார்' என்ற பழக்கத்தை வைத்து. ஃபார்மட் அடித்தால் அந்த அடையாளத்தை நீங்களே அழித்துவிடுகிறீர்கள். போலீஸ் கேட்டால் காட்டவும் எதுவும் மிஞ்சாது. கணக்கு கைக்கு வந்த பிறகு, புகார் கொடுத்து முடித்த பிறகு, தாராளமாக ஃபார்மட் செய்யுங்கள். போனிலிருந்து மீட்க முடியாவிட்டால் மட்டும், ஆப்பை நீக்கிய அந்தக் கம்ப்யூட்டரில் இணையத்தைப் போட்டு முயலுங்கள். 'உங்களை உறுதிசெய்ய முடியவில்லை' என்று வந்தால் பத்து நிமிடத்துக்கு ஒரு தரம் முட்டிக்கொண்டிருக்காதீர்கள். விட்டு, மறுநாள் அதே இடத்திலிருந்து செய்யுங்கள். காத்திருக்கச் சொன்னால் காத்திருங்கள்.

இதையெல்லாம் கேட்டுவிட்டு எல்லோரும் என்னிடம் கேட்பது ஒன்றுதான்: "யாராவது ஒரு ஆளிடம் பேச முடியாதா?" முடியாது. இலவச ஜிமெயில் கணக்கைத் திறந்துகொடுக்கப் போனில் பேசும் ஆள் எவரும் கூகுளில் கிடையாது. நமக்கு ரேஷன் கடையில் பிரச்சினை என்றாலும் போய் நின்று கத்த ஒரு தாலுகா அலுவலகம் இருக்கிறது. இத்தனை கோடிப் பேரின் கடிதங்களை வைத்திருக்கும் கம்பெனிக்கு ஒரு கவுன்டர் கிடையாது, ஒரு மேஜை கிடையாது. அந்தக் காலி நாற்காலியில்தான் திருடன் வந்து உட்காருகிறான். நீங்கள் தேடியபோது முதலில் வந்த எண், அவன் காசு கொடுத்துப் போட்ட விளம்பரமாக இருந்திருக்கலாம். விளம்பரக் காசை வாங்கிக்கொள்ளும் கம்பெனி, ஏமாந்தவரிடம் பேச ஓர் ஆளைப் போடாது. எனக்கு வருகிற கோபத்தை இங்கே எழுத முடியாது.

ஆகவே, 'கூகுளில் ஆள் இருக்கிறது' என்பவர் மூன்றில் ஒன்றைத்தான் செய்வார். நான் மேலே சொன்ன அதே பக்கத்தில் உங்கள் போனை வாங்கி அவரே தட்டுவார். திறந்தால் மூவாயிரம். இல்லையென்றால், "சர்வர் பிஸி சார்". இது முதல் வகை, போனால் காசோடு போகும். இரண்டாவது வகை, "ஓடிபி வரும், சொல்லுங்க" என்று வாங்கி, மீட்ட கணக்கில் தன் போன் எண்ணைப் போட்டு வைத்துக்கொள்வார். முத்தியால்பேட்டையிலிருந்து ஓர் அம்மா வந்திருந்தார். கணக்கு மீண்டும் கிடைத்துவிட்டது, ஆனால் வங்கியிலிருந்து வரும் மெயில் மட்டும் இரண்டு மாதமாக வரவில்லை என்றார். அமைப்புகளில் 'ஃபில்டர்' பகுதியைத் திறந்தேன். வங்கியின் பெயர் உள்ள மெயில் எல்லாம் வேறொரு முகவரிக்குப் போகவும், இங்கே நேராகக் குப்பைத் தொட்டிக்குப் போகவும் ஒரே ஒரு வரி. திறந்து கொடுத்தவருக்கு 2,500 ரூபாய் தந்ததாகச் சொன்னார். மூன்றாவது வகையினர் கடைகூட வைத்திருக்க மாட்டார்கள். இன்ஸ்டாகிராமில், 'இவர்தான் என் கணக்கை மீட்டுத் தந்தார்' என்று நன்றி சொல்லும் செய்திகளுக்குப் பின்னால் இருப்பவர்கள். முன்பணம், அப்புறம் 'சாஃப்ட்வேர் கட்டணம்', அப்புறம் வரி. ஒரு முறை ஏமாந்தவரின் எண் அவர்களுக்குப் பலாச்சுளை. போன பணத்தை வாங்கித் தருகிறோம் என்று வக்கீல் குரலிலும் போன் வரும். எடுக்காதீர்கள்.

ஒரே ஒரு விதிவிலக்கு உண்டு. அதைத் தெளிவாகச் சொல்லாவிட்டால் பத்துப் பேர் சண்டைக்கு வருவார்கள். மெயில் முகவரியில் @ என்ற சுழிக்குறிக்குப் பின்னால் ஜிமெயில் என்று இல்லாமல், கல்லூரியின் பெயரோ அலுவலகத்தின் பெயரோ இருந்தால், அது உங்கள் சொந்தக் கணக்கு அல்ல, நிறுவனம் கொடுத்தது. உள்ளே பார்க்க ஜிமெயில் மாதிரியே இருக்கும், அதனால் குழப்பம். அதைத் திறந்துகொடுக்க ஆள் உண்டு, கூகுளில் அல்ல, அந்த நிறுவனத்தில். 'அட்மின்' என்று ஒருவர் இருப்பார். அடையாள அட்டையோடு போய் நின்றால் இரண்டு நிமிடத்தில் கடவுச்சொல்லை மாற்றித் தருவார். அவர் லீவில் இருந்தால் அலுவலகத்தில் எழுதிக் கொடுத்து இன்னொருவரிடம் வாங்கலாம். படிப்பை முடித்து வெளியே வந்த பிள்ளைகளும் பணி ஓய்வு பெற்றவர்களும் கவனிக்க வேண்டும்: அந்தக் கணக்கை எப்போது மூடுவது என்பது நிறுவனத்தின் விருப்பம். மூடிவிட்டால் நீங்கள் கேள்வி கேட்க முடியாது. அதில் வங்கி, வரி எதையும் இணைக்காதீர்கள். உங்கள் பள்ளியில் அப்படி ஒன்று கொடுத்திருந்து, நீங்கள் சொல்வது அந்தக் கணக்கு என்றால், இதுவரை நான் எழுதியதை விட்டுவிட்டுப் பள்ளிக்குப் போங்கள். ஜிமெயில்தான் என்றால் இந்தப் பத்தியை மறந்துவிடுங்கள்.

புகார் விஷயம். 1930 என்ற எண்ணுக்கு அழையுங்கள், நாடு முழுக்க அதே எண்தான். பணம் போயிருந்தால் ஒரு மணி நேரம்கூடத் தள்ளக் கூடாது, போன பணத்தை வழியில் நிறுத்திவைக்க முயல்வது அதன் மூலம்தான். மத்திய அரசின் சைபர் கிரைம் தளத்திலும் பதியலாம். உங்களுக்கு வரப்போகும் தலைவலி வேறு. வீடு கடலூரில், வங்கிக் கிளை புதுச்சேரியில். முள்ளோடை எல்லையைத் தாண்டினால் மாநிலம் மாறிவிடும், போலீஸும் மாறிவிடும். இங்கே போனால், "பேங்க் பாண்டிச்சேரிதானே, அங்க போங்க" என்பார்கள். அங்கே போனால், "வீடு கடலூர்தானே" என்பார்கள். இந்த விளையாட்டில் இரண்டு நாள் அலைந்து, பஸ் காசுக்கே முந்நூறு ரூபாய் செலவழித்தவர் ஒருவரை எனக்குத் தெரியும். 2024 ஜூலை 1 முதல் நடப்பில் இருக்கும் புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 173ஆவது பிரிவு, குற்றம் எங்கே நடந்திருந்தாலும் எந்த நிலையத்திலும் தகவலைப் பதியலாம் என்கிறது. அந்தப் பிரிவு எண்ணை ஒரு தாளில் எழுதிச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு போங்கள். சண்டை வேண்டாம், மரியாதையாகச் சொன்னாலே போதும்.

கணக்கு திறந்ததும் கண்ணீர் விட்டு மூடிவிடாதீர்கள். கடவுச்சொல்லை மாற்றுங்கள். மீட்பு எண்ணாகவும் மீட்பு முகவரியாகவும் இருப்பவை உங்களுடையவைதானா என்று பாருங்கள். ஃபில்டர், ஃபார்வர்டிங் இரண்டையும் திறந்து, நீங்கள் போடாதது இருந்தால் நீக்குங்கள். தெரியாத சாதனங்களை வெளியேற்றுங்கள். பிரவுசரில் சேமித்திருந்த மற்றக் கடவுச்சொற்களும் போய்விட்டதாக வைத்துக்கொண்டு, வருமான வரிக் கணக்கிலிருந்து தொடங்கி ஒவ்வொன்றாக மாற்றுங்கள். கடவுச்சொல்லோடு இன்னொரு சரிபார்ப்பும் கேட்கும் இரண்டடுக்குச் சரிபார்ப்பைப் போட்டால், போன் கையில் இல்லாதபோது உள்ளே நுழைய எட்டு இலக்கத்தில் பத்துக் குறியீடுகளை எடுத்து வைக்கலாம். அவற்றைப் போனில் படம் எடுத்து வைக்காமல், பேனாவால் டைரியில் எழுதி, பாஸ்புக் இருக்கும் பெட்டியில் வையுங்கள். சிம் கார்டை ரீசார்ஜ் செய்யாமல் சாக விடாதீர்கள். துண்டிக்கப்பட்ட எண்ணை 90 நாளுக்குப் பிறகு வேறொருவருக்குக் கொடுக்கலாம், உங்கள் குறியீடு அவர் போனில் போய் விழும்.

பிரிண்டரை மறந்தே போய்விட்டீர்கள். கேள்வியின் கடைசி வரிவரை தேடிப் பார்த்தேன், அது சரியாயிற்றா என்று எழுதவில்லை. பிரிண்டரையும் வைஃபை பெட்டியையும் அணைத்து, ஒரு நிமிடம் கழித்து வைஃபையை முதலிலும் பிரிண்டரை அடுத்தும் போடுங்கள். அப்புறமும் அடிக்கவில்லை என்றால், பிரிண்டர் பட்டியலில் அதன் பெயரைத் திறந்து, 'ஆஃப்லைன்' என்பதில் டிக் விழுந்திருக்கிறதா பாருங்கள். விழுந்திருந்தால் எடுத்துவிடுங்கள்.