‘லூசு’, ‘மெண்டல்’ என்று நண்பர்களை விளையாட்டாகத் திட்டுவதில் என்ன தப்பு?

“மனநோய் உள்ள யாரையும் நான் அப்படிச் சொன்னதே இல்லை” என்று கேள்வியிலேயே எழுதியிருக்கிறீர்கள். நம்புகிறேன். பெரும்பாலும் யாரும் அவர்களைச் சொல்வதில்லை, நல்லா இருக்கிறவனைத்தான் சொல்கிறோம். ஆனால் பக்கத்தில் உட்கார்ந்து அதைக் கேட்கிறவருக்கு வீட்டில் யாருக்கு என்னவென்று உங்களுக்குத் தெரியாது.

சென்னையில் ‘கீழ்ப்பாக்கம் கேஸு’ என்றால் விளக்கமே வேண்டாம். இலங்கையில் அதையே ‘அங்கொடை’ என்பார்கள். இரண்டும் மனநல மருத்துவமனை இருக்கும் ஊர்கள். கீழ்ப்பாக்கம் மருத்துவமனை 1794-ல் தொடங்கியது, இன்றும் ஏழைகளுக்கு வைத்தியம் பார்க்கிறது. புற்றுநோய்க்கு அடையாறு போய் வந்தவரை யாராவது ‘அடையாறு கேஸு’ என்று கிண்டல் செய்கிறோமா?

என் மாமாவுக்கு மனச்சிதைவு நோய். மந்திரிப்பு, கயிறு, கோயில் என்று சில வருடங்கள் வீணாகப் போயின. டாக்டர் இருப்பது தெரியாமல் இல்லை. சித்திக்கு அப்போது வரன் பார்த்துக்கொண்டிருந்தார்கள், ‘மெண்டல் குடும்பம்’ என்று ஊர் சொல்லிவிடுமே என்று அம்மாச்சிக்குப் பயம். கடைசியில் கீழ்ப்பாக்கத்தில் சேர்த்தபோதுகூட மெட்ராஸில் வேலை கிடைத்திருப்பதாகத்தான் தெருவில் சொன்னார். மாத்திரை பிடித்துக்கொண்டது. மாமா இப்போது தையல் கடை வைத்திருக்கிறார், கறாராகக் கூலி வாங்குவார்.

எல்லோருக்கும் இப்படி அமைவதில்லை. 2001 ஆகஸ்ட் 6 அன்று ராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில் மனநோயாளிகளை வைத்திருந்த ஒரு காப்பகக் கொட்டகை தீப்பிடித்து 28 பேர் இறந்தார்கள். பெரும்பாலோர் சங்கிலியில் கட்டப்பட்டிருந்ததால் ஓட முடியவில்லை. ‘லூசு’ என்ற சொல்தான் அவர்களைக் கொன்றது என்று சொல்ல மாட்டேன், வறுமையும் பக்கத்தில் மருத்துவர் இல்லாததும் பெரிய காரணங்கள். ஆனால் வீட்டில் வைத்துக்கொள்ள வெட்கப்பட்டு அங்கே கொண்டுவிட்ட குடும்பங்களும் உண்டு. அந்த வெட்கம் நம்முடைய பேச்சிலிருந்துதான் அவர்களுக்குப் போனது.

சட்டமும் இருக்கிறது. மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016-ன்படி, மாற்றுத்திறனாளி ஒருவரைப் பொது இடத்தில் வேண்டுமென்றே அவமானப்படுத்தினால் 6 மாதம் முதல் 5 வருடம் வரை சிறை. மனநோயும் அதில் அடங்கும். 2024-ல் சென்னை அரசுப் பள்ளி ஒன்றில், ஊனம் முற்பிறவிப் பாவம் என்கிற மாதிரி பேசிய பேச்சாளர் மீது இந்தச் சட்டத்தில் வழக்குப் பதிவானது. (அங்கேயே எழுந்து தட்டிக்கேட்டவர் பார்வையற்ற ஓர் ஆசிரியர்.) நண்பர்கள் அரட்டைக்குப் போலீஸ் வராது என்பது வேறு விஷயம்.

“இப்படிப் பார்த்தால் பேசவே முடியாதே” என்பவர்களுக்கு: குழந்தைகள் நொண்டி விளையாடுவதை யாரும் நிறுத்தச் சொல்லவில்லை. ‘நொண்டிச் சாக்கு’க்குப் பதில் ‘சப்பைக் காரணம்’ என்றாலே புரியும். ‘செவிடன் காதில் ஊதிய சங்கு’ போனால் ‘விழலுக்கு இறைத்த நீர்’ இருக்கிறது. நண்பனைத் திட்டியே ஆக வேண்டுமென்றால் வெண்ணெய், தண்டச்சோறு, பன்னாடை என்று இஷ்டத்துக்குத் திட்டுங்கள், நான் குறுக்கே வர மாட்டேன்.