மூன்றாம் படி – கடிதமும் பதிலும்

அன்புள்ள ஐயா,

நான் விளவங்கோடு வட்டத்துக்காரன். கட்டடப் பொறியாளராக இருந்து ஓய்வுபெற்றவன். எங்கள் ஊரில் திருவிதாங்கூர்-கொச்சி காலத்தில் தொடங்கிய சிறுவர் வாசகசாலை ஒன்று உண்டு. வெட்டுகல் சுவர், ஓட்டுக்கூரை, முன்னால் ஐந்து படி. பத்து வருடமாகப் பூட்டிக்கிடந்தது. வளைகுடாவில் இருக்கும் ஊர்ப்பிள்ளைகள் பணம் அனுப்ப, இப்போது புதுப்பித்துக்கொண்டிருக்கிறோம். மூன்று வயதிலிருந்தே குழந்தைகள் வந்து எழுத்தோடு பழக ஓர் அறை ஒதுக்கியிருக்கிறோம். சக்கர நாற்காலிக்குச் சாய்தளமும் உண்டு. முகப்பின் பழமை கெடாமலிருக்க அதைப் பின்பக்கம், கிணற்றுச் சந்து வழியாகப் பத்தடி நீளத்தில் வைக்கிறோம். எங்கள் ஊரில் இப்போது அப்படிப்பட்ட குழந்தைகள் யாரும் இல்லை, ஆனாலும் சட்டம் என்று ஒன்று இருக்கிறதே. பூட்டுள்ள கண்ணாடிப் பீரோக்கள் வந்து இறங்கிவிட்டன.

பழைய மலையாளப் புத்தகங்கள் இரண்டு பீரோ நிறைய இருக்கின்றன. அவற்றை என்ன செய்வது? சுவரில் சோட்டா பீம் வரையலாம் என்கிறார்கள், தொடுதிரை வேண்டும் என்கிறார்கள். ஆனால் என் முக்கியமான கேள்வி, மூன்று முதல் ஆறு வயதுவரை உள்ள குழந்தைகளுக்கு எந்தப் புத்தகங்களை வாங்கலாம் என்பது. நூறு புத்தகங்களுக்கு ஒரு பட்டியல் தருவீர்களா? திறப்பு விழாவிற்கு நீங்கள் அவசியம் வரவேண்டும்.

எஸ்.

*

அன்புள்ள எஸ்,

பட்டியலுக்கு வருகிறேன். அதற்கு முன் ஒரு கல்யாணம்.

சென்ற மாதம் மார்த்தாண்டம் பக்கம் போயிருந்தேன். மண்டபத்தில் பந்தி மாடியில். என் சித்தி மகனுக்கு இரண்டு காலும் வராது, மூன்றுசக்கர வண்டியில் வந்திருந்தான். "அண்ணன் ஏறாண்டாம், இங்கயே கொண்டு தாறோம்" என்று பையன்கள் ஓடிப்போய் இலைநிறைய எல்லாவற்றையும் வைத்துத் தட்டில் ஏந்திக் கொண்டுவந்தார்கள். ஒரு குறை சொல்லமுடியாது, அத்தனை அன்பு. சாப்பிட்டுக் கை கழுவும்போது என்னிடம் கேட்டான், "மேல ரெண்டு பாயசம் இருந்துதாலே?" ஆமாம், அடைப்பிரதமனும் பால் பாயசமும். கீழே இறங்கியது பால் பாயசம் மட்டும்தான். நான் இரண்டையும் குடித்துவிட்டு இறங்கியிருந்தேன். அந்தக் கேள்வி உள்ளே உறுத்திக்கொண்டிருந்தபோதுதான் உங்கள் கடிதம் வந்தது.

சில்லறைக் கேள்விகளை முதலில் முடித்துவிடுவோம். சோட்டா பீம் வேண்டாம், வெள்ளையடித்தால் போதும். தொடுதிரை வாங்கும் பணத்தில் கை வைத்த நாற்காலிகள் பத்து வாங்குங்கள். மூன்று வயதுப் பிள்ளை தானாக வருவதில்லை, அம்மூம்மையின் விரலைப் பிடித்துக்கொண்டுதான் வரும். உங்கள் ஊரில் அப்பாக்கள் வளைகுடாவில், அம்மாக்கள் வேலைக்கு. முட்டுவலிக்காரிகள் உட்கார்ந்து எழுந்திருக்க வசதி இருந்தால் நாளையும் கூட்டிவருவார்கள், இல்லாவிட்டால் உங்கள் எழுத்தறை காலியாகத்தான் கிடக்கும்.

மலையாளப் புத்தகங்களைப் பழைய பேப்பர்காரருக்குப் போட்டீர்களென்றால் நான் உங்களோடு பேசமாட்டேன். 1945இல் பி.என். பணிக்கர் அம்பலப்புழையில் 47 வாசகசாலைகளைக் கூட்டித் திருவிதாங்கூர் கிரந்தசாலைச் சங்கத்தைத் தொடங்கினார். அந்த அலையில் முளைத்தவைதான் நம் பக்கத்து வாசகசாலைகளில் பல. 1956 நவம்பர் 1ஆம் தேதி இன்றைய குமரி மாவட்டமான நம் நான்கு தாலுகாக்களும் தமிழ்நாட்டுக்கு வந்தன. பிள்ளைகள் தமிழ் படிக்கப் போனார்கள், புத்தகங்கள் அப்படியே நின்றுவிட்டன. என் பாட்டி பேசியது தமிழ், வாசிக்கத் தெரிந்தது மலையாளம் மட்டும். வைத்திருங்கள், யாராவது தேடிவருவார்கள். போகிறபோக்கில் இன்னொன்று: பிரெய்லில் தமிழ் 'க'வும் மலையாள 'க'வும் ஒரே இரண்டு புள்ளிகள்தான். 1951இல் பாரதி பிரெய்ல் என்று இந்திய மொழிகளுக்கெல்லாம் பொதுவாக வைத்துவிட்டார்கள். நாம் அடித்துக்கொண்ட எல்லையைக் கண் தெரியாத பிள்ளையின் விரல் கண்டுகொள்வதே இல்லை. நாலு பிரெய்ல் புத்தகமாவது வாங்கி வையுங்கள்.

இனி சண்டை.

"எங்கள் ஊரில் அப்படிப்பட்ட குழந்தைகள் யாரும் இல்லை." எப்படித் தெரியும்? எண்ணினீர்களா? பத்து வருடம் பூட்டிக்கிடந்த வாசகசாலைக்கு, அதற்கு முன்பும் ஐந்து படி ஏறித்தான் போகமுடிந்த வாசகசாலைக்கு, யார் வரவில்லை என்று உங்களுக்கு எப்படித் தெரியும்? போலியோ போய்விட்டது, உண்மை. 2011க்குப் பிறகு இந்தியாவில் இயற்கையான போலியோ வைரஸால் புதிதாக ஒரு பிள்ளைக்கும் வரவில்லை. மூளைமுடக்குவாதம் போகவில்லை, தசைச்சிதைவு போகவில்லை, வளைவில் சாயும் பைக்குகள் போகவில்லை. அங்கன்வாடி டீச்சரிடம் கேளுங்கள். வீடுதேடிப் போகும் சிறப்பாசிரியர்களிடம் கேளுங்கள். ரப்பர் தோட்டங்களுக்குப் பின்னால் எந்த வீட்டுத் திண்ணையில் யார் இருக்கிறார்கள் என்று சொல்வார்கள். நீங்கள் பார்த்ததில்லை, அவ்வளவுதான்.

கிணற்றுச் சந்துக்கு வருகிறேன். யார் எந்த வழியாக வரவேண்டும், யார் பின்வழியாக ஒதுங்கிப் போகவேண்டும் என்று சட்டம்போட்டு வைத்திருந்த ராஜ்ஜியம் இது. 1924இல் வைக்கத்தில் சத்தியாகிரகம் நடந்தது கோயிலுக்குள் போவதற்குக்கூட அல்ல, கோயிலைச் சுற்றியிருந்த தெருவில் நடப்பதற்கு. அந்த மண்ணில் இருந்துகொண்டு ஒரு பிள்ளையைக் கிணற்றுச் சந்து வழியாக உருட்டிக்கொண்டுவரலாம் என்று எழுதுகிறீர்கள். முகப்பின் பழமையாம்! வெட்டுகல் சுவர் ஒரு சாய்தளத்தைத் தாங்கும். முன்னாலேயே வையுங்கள், எல்லாரும் அதிலேயே ஏறட்டும்.

நீளம் பத்தடியாம். நீங்கள் பொறியாளர், இதை நான் சொல்லவேண்டியிருக்கிறது. ஐந்து படி, படிக்கு அரையடி, ஆக இரண்டரை அடி உயரம். பத்தடியில் ஏற்றினால் நாலுக்கு ஒன்று. நாலுக்கு ஒன்றில் களியக்காவிளையில் லாரிக்கு மாடு ஏற்றுவார்கள். விதி பன்னிரண்டுக்கு ஒன்று. முப்பது அடி வேண்டும், நடுவில் மூச்சுவிடச் சமதளம் விட்டால் இன்னும் கூடும். முற்றத்தில் இடம் இல்லையென்றால் மடக்கித் திருப்புங்கள். வழவழப்பான டைல்ஸ் வேண்டாம். நமக்கு இடவப்பாதி மழையும் உண்டு, ஐப்பசி மழையும் உண்டு, பாசி பிடித்துவிடும். இரட்டைக் கதவில் இரண்டு பலகையையும் திறந்தால் மூன்றடி கிடைக்கிறதா என்று அளந்து பாருங்கள். வாசல்படிக் கட்டையை எடுத்துவிடுங்கள். முப்பது அடி ஏறிவந்த சக்கரம் இரண்டங்குலக் கட்டையில் முட்டி நிற்பதை நான் பார்த்திருக்கிறேன்.

ஆனால் சாய்தளம் போட்டுவிட்டால் எல்லாம் முடிந்தது என்று நினைக்காதீர்கள். உங்கள் கடிதத்தில் என்னைச் சுட்ட வரி அதைப் பற்றியது அல்ல. "பூட்டுள்ள கண்ணாடிப் பீரோக்கள் வந்து இறங்கிவிட்டன" என்ற வரி.

எங்கள் ஊர் வாசகசாலையில் கம்பிவலை போட்ட பீரோ. சாவி நூலகர் அண்ணனின் அரைஞாண் கயிற்றில். உள்ளே பாச்சா உருண்டை வாசனை. புதுப்புத்தகம் வந்ததும் அதன் அட்டையைக் கிழித்துவிட்டுக் காக்கிக் காகிதத்தில் பைண்டு செய்து முதுகில் நம்பர் எழுதிவிடுவார்கள், அப்போதுதான் நீடித்து உழைக்குமாம். யானைக் கதையும் காக்கி, கப்பல் கதையும் காக்கி. பைண்டு செய்யப் போவதற்கு முந்தின ஓரிரு நாள் மட்டும் புத்தகங்கள் அவற்றின் சொந்த நிறத்தில் மேஜைமேல் கிடக்கும்.

சித்தி தன் மகனை ஒக்கலில் தூக்கிவந்து மூன்றாம் படியில் இருத்திவிட்டுச் சந்தைக்குப் போவாள். அதற்குமேல் தூக்க அவளால் முடியாது. உள்ளே ஏற்றிவிட யாரும் இல்லாமலில்லை, யாருக்கும் தோன்றவில்லை. மூன்றாம் படியில் இருந்து எக்கினால் ஜன்னல் அழி வழியாக மேஜை தெரியும். ஒருநாள் அவன் ஒரு புத்தகத்தைக் கண்டுவிட்டான். "லேய், மஞ்ச அட்டை உள்ளத எடுத்துட்டு வாலே." அவன் பெயரிலும் ஒரு கார்டு உண்டு. அவன் அப்பா இரண்டு ரூபாய் கட்டி எடுத்தது. இரண்டு கார்டும் என் கையில்தான் இருக்கும்.

நான் உள்ளே போனேன். மஞ்சள் அட்டைப் புத்தகம் மிகவும் சின்னது, எழுத்து குறைவு. எனக்கு வேண்டியிருந்தது தடித்த இரண்டு துப்பறியும் கதைகள். இரண்டு கார்டிலும் அவற்றை எடுத்துக்கொண்டு வெளியே வந்து, "அது வேறாரோ கொண்டு போயிட்டாங்கடே" என்றேன். அவன் அழி வழியாகப் பார்த்தான். மேஜையில் அது கிடந்தது. ஒன்றும் சொல்லவில்லை. அவனுக்கு ஏழு வயது, எனக்குப் பத்து.

அவனுக்குப் புத்தகம் கிடைத்தது, எஸ். வாரத்திற்கு ஒன்று கிடைத்தது. அண்ணனின் பேரேட்டில் அவன் ஒழுங்கான வாசகன். அத்தனையும் நான் தேர்ந்தெடுத்தவை.

ரங்கநாதன் 1931இல் நூலகத்திற்கு ஐந்து விதி வகுத்தபோது முதலில் வைத்தது புத்தகம் பயன்படுத்துவதற்கே என்பதை. பூட்டி வைப்பதற்கு அல்ல என்று அவர் தொண்டை கிழியச் சொல்லிவிட்டார். நாம் அவர் படத்திற்கு மாலைபோட்டு, அதையும் பீரோவுக்கு மேலேயே மாட்டுகிறோம். பூட்டுக்கு நீங்கள் சொல்லப்போகும் காரணம் எனக்குத் தெரியும். பிள்ளைகள் கிழிப்பார்கள், கொண்டுபோவார்கள், வருடக் கடைசியில் கமிட்டி ஸ்டாக் எடுக்கும்போது யார் பதில் சொல்வது?

பதில் இருக்கிறது. மத்திய அரசின் பொது நிதி விதிகள், 2017. கஜானாவுக்குக் காவல் இருப்பவர்கள் எழுதியது, என்னைப்போல் கதை எழுதுபவர்கள் எழுதியதல்ல. அதன் 215ஆம் விதி, வாசகருக்குக் கொடுத்த ஆயிரம் புத்தகத்துக்கு வருடத்தில் ஐந்து தொலைந்தால் அது இயல்பு என்கிறது, நேர்மையின்மையோ அசட்டையோ காரணமாக இல்லாதவரை. அந்தக் கணக்கைக் கவனியுங்கள். பீரோவில் இருக்கும் ஆயிரத்துக்கு ஐந்து அல்ல, கைமாறிய ஆயிரத்துக்கு ஐந்து. கொடுக்கக் கொடுக்கத் தொலைக்கும் உரிமை கூடும். ஒன்றுமே கொடுக்காத நூலகத்துக்கு ஒன்றைக்கூடத் தொலைக்க உரிமை கிடையாது. உங்கள் கமிட்டியை அந்த விதி கட்டுப்படுத்தாதுதான். இருந்தாலும் அதைத் தமிழில் எழுதிக் கமிட்டி அறையில் ஒட்டுங்கள். டெல்லி கஜானாவுக்கு இருக்கும் தாராளம் ஒரு கிராமத்துக் கமிட்டிக்கு இருக்கக்கூடாதா? எங்கள் பீரோவில் இருந்து ஒரு புத்தகம்கூட வெளியே தொலைந்ததில்லை. ராமபாணப் பூச்சிக்கு மட்டும் கார்டு தேவைப்படவில்லை, அது உள்ளே இருந்தே எல்லாவற்றையும் தின்று முடித்தது.

கிழியட்டும். மூன்று வயதில் புத்தகத்தைத் தலைகீழாகப் பிடிப்பார்கள், மூலையைச் சப்புவார்கள், இரண்டு பக்கத்தைச் சேர்த்துப் புரட்டிக் கிழிப்பார்கள். எழுத்து பழகுவது என்று நீங்கள் சொல்வது அங்கேதான் தொடங்குகிறது. சுவரில் 247 எழுத்தையும் எழுதி ஒட்டினால் பிள்ளைக்கு அது இன்னொரு சுவர். என் பாட்டி நிலத்தெழுத்து ஆசானிடம் படித்தவள். சிரட்டையில் மணல் கொண்டுபோய்த் தரையில் பரப்பி விரலால் எழுதுவார்களாம். ஆசான் அவள் விரலைப் பிடித்து அழுத்துவாராம், நகக்கண் எரியுமாம். அந்தக் கொடுமையை நான் திரும்பக் கேட்கவில்லை. ஆனால் தப்பாகிவிட்டால் உள்ளங்கையால் ஒரு தடவு, மணல் பழையபடி ஆகிவிடும். மணலுக்கு ஸ்டாக் ரிஜிஸ்டர் கிடையாது.

ஆகவே பீரோவைத் திருப்பி அனுப்புங்கள். கடைக்காரர் எடுக்கமாட்டார் என்றால் கதவுகளைக் கழற்றுங்கள், கீலுக்கு நாலு திருகாணிதானே. அதுவும் உயரமாக இருக்கும், பிள்ளை கை எட்டாது. மரஆசாரியைக் கூப்பிட்டு இரண்டரை அடி உயரத்தில் திறந்த தட்டுகள் செய்யச் சொல்லுங்கள். முதுகு தெரிய அடுக்காதீர்கள், எழுத்தறியாத பிள்ளைக்கு முதுகில் என்ன இருக்கிறது? அட்டை முகம் தெரிய நிறுத்துங்கள். தரையில் தவழ்ந்து வருகிறவனுக்கும் சக்கர நாற்காலியில் இருப்பவனுக்கும் தட்டு கைக்கு எட்டவேண்டும், எடுத்து, பிடிக்காவிட்டால் வைத்துவிட்டு வேறு எடுக்கவேண்டும். இடையில் ஒரு நல்ல மனிதர், ஒரு அண்ணன், என்னைப் போன்ற ஒரு பெரியம்மா மகன் நிற்கக்கூடாது.

பட்டியல் கேட்டிருந்தீர்கள். நேஷனல் புக் டிரஸ்ட், தூலிகா, பிரதம் புக்ஸ். நூறு தலைப்பு வேண்டாம், நாற்பது போதும், ஒவ்வொன்றிலும் இரண்டு பிரதி. ஒன்று கிழியும்.

இதை எழுதிவிட்டு அவனுக்குப் போன் செய்தேன். எல்லைக்கு அந்தப்பக்கம் லாட்டரிச் சீட்டு விற்கிறான், முப்பது வருடமாக. மஞ்சள் அட்டைப் புத்தகம் ஞாபகம் இருக்கிறதா என்று கேட்டேன். ஐம்பது வருடமாக நான் சுமந்துகொண்டிருப்பது. "எந்த மஞ்ச புக்கு? ஒனக்கு வேற சோலி இல்லியா?" என்றான். படி மட்டும் ஞாபகம் இருக்கிறதாம், மத்தியானம் ஆனால் சூடாகிவிடுமாம். உங்கள் சாய்தளத்தைப் பற்றிச் சொன்னேன். மேலே தகரம் போடச் சொன்னான், இல்லாவிட்டால் கைப்பிடிக் கம்பியைப் பிடிக்கமுடியாது, சுடும். அதைக் கட்டாயம் எழுது என்றான், எழுதிவிட்டேன்.

விழாவிற்கு வருகிறேன், அவனையும் கூட்டிக்கொண்டு. ஞாயிற்றுக்கிழமை மட்டும் வேண்டாம். அன்றைக்குத்தான் அவனுக்கு வியாபாரம் கூடுதல்.