வீடியோ கேம் உதவி மையங்களில் தரச் சோதனையும் பயிற்சியும்: வாசகர் கேள்விகளுக்குப் பதில்கள்

கேள்வி: பயனர்களின் புகார்களுக்குப் பதிலளிக்கும் எங்கள் ஏஜென்ட் ஒருவர், அந்தப் பதில்களுக்கு மதிப்பெண் இடும் தரச் சோதனையில் 95-க்குக் குறைவதே இல்லை. பயனர்கள் அவருக்குத் தரும் மதிப்பீடோ மிகவும் தாழ்வாக இருக்கிறது. எதை நம்புவது?

பதில்: அவருக்கு எத்தகைய டிக்கெட்டுகள், அதாவது பயனர்களின் உதவிக் கோரிக்கைகள், ஒதுக்கப்படுகின்றன என்பதை முதலில் பாருங்கள். ஏமாற்று மென்பொருளுக்காகக் கணக்கு முடக்கப்பட்டவர், எவ்வளவு பணிவான பதில் கிடைத்தாலும் ஐந்து நட்சத்திரம் தரப்போவதில்லை. வீடியோ கேம்களை விற்கும் ஸ்டீம் தளத்தில் வாங்கிய 14 நாட்களுக்குள், 2 மணி நேரத்துக்கும் குறைவாக ஆடியிருந்தால் பணம் திரும்பக் கிடைக்கும் என்பது பொது விதி. அந்த வரம்பைத் தாண்டி மறுப்புப் பெறுபவரின் கோபம் விதியின் மீதுதானே தவிர ஏஜென்ட்டின் மீதன்று. இத்தகைய டிக்கெட்டுகளைத் தனியே பிரித்த பின்னும் மதிப்பீடு தாழ்ந்தே இருந்தால், உங்கள் மதிப்பெண் படிவம் வணக்கத்துக்கும் நன்றிக்கும் மதிப்பெண் தந்துவிட்டு, கேட்டதற்குப் பதில் வந்ததா என்பதை விட்டுவிடுகிறது என்று பொருள். இந்தக் குறையைத்தான் நான் அதிகம் காண்கிறேன்.

கேள்வி: கணக்கு மீட்பு டிக்கெட்டுகளுக்கு மட்டும் தனி விதி வைக்க வேண்டுமா?

பதில்: கட்டாயம் வேண்டும். 2022 ஜனவரியில், ஃபிஃபா 22 என்ற கால்பந்து வீடியோ கேமை ஆடும் முன்னணி ஆட்டக்காரர்கள் சிலருடைய கணக்குகளை மோசடிக்காரர்கள் பறித்தபோது, தன் உதவிக் குழுவினரின் மனிதத் தவறு பயன்படுத்தப்பட்டு இரு கட்டச் சரிபார்ப்பே கடக்கப்பட்டது என்று அதைத் தயாரித்த இஏ நிறுவனம் ஒப்புக்கொண்டது. பாதிக்கப்பட்டவை 50-க்கும் குறைவான கணக்குகளே. ஆயினும் குழுவினருக்கு மறுபயிற்சி அளிப்பதாகவும், மின்னஞ்சல் மாற்றக் கோரிக்கை ஒவ்வொன்றுக்கும் மேலாளரின் ஒப்புதலைக் கட்டாயமாக்குவதாகவும் அது அறிவித்தது. மிரட்டியும் விடாமல் நச்சரித்தும் கேட்பவரிடம் ஏஜென்ட் பணிந்துபோவதற்கு, டிக்கெட்டை விரைவாக முடிக்க வேண்டும் என்ற நெருக்கடியும் பெரும்பாலும் ஒரு காரணம். ஆகவே இந்த வகைக்கு மட்டும் நேர இலக்கை எடுத்துவிடுங்கள். உரிமையாளர் சரிபார்ப்பில் ஒரு படி தவறினால், மற்றவை எவ்வளவு சிறப்பாக இருந்தாலும், அந்த டிக்கெட்டுக்குச் சுழியம் தாருங்கள்.

கேள்வி: ஒரே டிக்கெட்டுக்கு இரு மதிப்பீட்டாளர்கள் 70, 90 என்று மதிப்பெண் இட்டால் சராசரி எடுக்கலாமா?

பதில்: கூடாது. சராசரி எடுத்தால் கருத்து வேறுபாடு மறைந்துவிடும். ஏஜென்ட்டின் பெயரை மறைத்து, இருவரும் தனித்தனியே மதிப்பிட்ட பின், படிவத்தின் எந்த வரி இருவருக்கும் வெவ்வேறாகப் பொருள்பட்டது என்று கண்டறிந்து, அந்த வரியையே திருத்தி எழுதுங்கள்.

கேள்வி: பயிற்சி உரையாடலில் ஏஜென்ட்டுகள் வாதாடுகிறார்கள் அல்லது மௌனமாகத் தலையாட்டுகிறார்கள். என்ன செய்வது?

பதில்: மதிப்பெண்ணிலிருந்து தொடங்காமல், டிக்கெட்டை அவரிடமே கொடுத்து, பயனரின் இடத்திலிருந்து வாசிக்கச் சொல்லுங்கள். பணம் கழிந்தும் ஜெம்ஸ் (ஆட்டத்துக்குள் செலவிடும் நாணயம்) வரவில்லை என்று எழுதியவர், ‘ஜிபிஏ’ எனத் தொடங்கும் கூகுள் பிளே ஆர்டர் எண்ணை முதல் மடலிலேயே ஒட்டியிருக்க, அதே எண்ணைக் கேட்டு ஆயத்தப் பதில் போயிருந்தால், அதைச் சுட்டிக்காட்ட நீங்கள் தேவையே இல்லை; ஏஜென்ட்டே கண்டுகொள்வார். ஓர் உரையாடலில் ஒரு பழக்கத்தை மட்டும் எடுத்துக்கொண்டு, அடுத்த வாரம் அதே வகை டிக்கெட்டுகளைப் பார்த்து அது மாறியதா என்று அவரிடம் சொல்லுங்கள். டீம் லீட்கள் பலர் பத்துக் குறைகளை ஒரே மூச்சில் ஒப்பித்துவிட்டு, அதற்குப் பயிற்சி என்று பெயரிடுகிறார்கள்.

கேள்வி: ஓர் ஆட்டத்தை ஆடாதவர், அது பற்றிய டிக்கெட்டுகளின் தரத்தை மதிப்பிடலாமா?

பதில்: பணம், கணக்கு தொடர்பானவற்றை மதிப்பிடலாம். ஆட்டத்தின் உள்ளே எழும் கோளாறுகளை, அதை ஆடிப் பழகியவரிடம் விடுவதே நல்லது.